பின்னிருக்கை

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிறது: மொத்தம் ஐந்நூறு.
என் கைக்கு வந்தது இருநூற்றுப் பதினேழு.
யாரையும் சுட்டு வீழ்த்தாத விமானத்துக்கு
உலகத்தில் ஐந்நூறு பைத்தியங்கள் தேறும் என்று
செக் நாட்டில் எவரோ கணக்குப் போட்டிருக்கிறார்.
அந்த நம்பிக்கைக்கே காசு கொடுக்கலாம்.

ப்யூரு. பனிச்சூறை என்று பொருள்.
கவ்ஹவாவின் ஓடுபாதையில், போர்க்காலத்தில்,
மீசை அரும்பாத பையன்கள் இதில்தான்
விழாமல் இருக்கப் பழகினார்கள்.
சுழலில் சிக்கினால் எழ மறுக்கும் குணமாம் இதற்கு.
அதனால்தான் பின்னால் இன்னொரு ஆள்.
அதே ஓடுபாதையின் வேலியோரம்
நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

பொருத்துமுளை என்று எதுவும் கிடையாது.
இடப்பாதி வலப்பாதியைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம்.
மூக்கில் சேர்த்தால் வாலில் விலகும்,
வாலைச் சமாதானம் செய்தால் வயிறு பிளக்கும்.
குறிப்புத்தாள் சொல்கிறது: கவனமாகச் சரிசெய்யவும்.
அவ்வளவுதான் சொல்கிறது.
புட்டி வைத்தேன், காயவிட்டேன், தேய்த்தேன்.
புட்டி வைத்தேன்.
நவம்பர் போயிற்று.
ஆட்சோ தூசியில் தும்மிவிட்டுக் கேட்டான்,
"இதைப் பறக்கவிடுவாயா?"
"இது பறக்காது."
"பிறகு ஏன் இறக்கையை இவ்வளவு நேராக்குகிறாய்?"

பிசினில் வார்த்த இருக்கை இரண்டு.
கட்டுப்பாட்டுக் கம்பி இரண்டு, அரிசி நுனி அளவு.
ஒன்றை முன்னால் ஒட்டிவிட்டேன்.
மற்றது இடுக்கியில் டிக் என்றது,
கம்பளத்துக்குள் போயிற்று.
கன்னத்தைத் தரையில் வைத்து டார்ச் அடித்தேன்.
தூசுறிஞ்சியின் வாயில் பழைய காலுறை கட்டித் தேடினேன்.
ஒரு பட்டன், நாய்மயிர், போன வருடத்து மாத்திரை.
ஆசிரியருக்குக் கம்பி இல்லை.

மறுநாள் ஹில்க்கா. அறுபத்தொரு வயது.
முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவளுக்குக்
கார் என்றால் மட்டும் நடுக்கம்.
வளைவில், தார்நிறத்திலேயே படிந்த பனி.
கார் மெல்ல, ஏறக்குறைய மரியாதையாக,
பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது.
என் கால் பெடலுக்கு மேலே.
மேலேயே இருந்தது.
அழுத்தினால் இது என் கார்.
ஹில்க்கா வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கை ஒடித்தாள்,
மாட்டை அதட்டும் ஒரு சொல்லை உதிர்த்தாள்,
சாலை திரும்பக் கிடைத்தது.
"நீதானே பிரேக் போட்டாய்?"
"இல்லை."
அவள் நம்பவில்லை. எனக்கும் சந்தேகம்தான்:
கெண்டைக்கால் அன்றிரவு முழுக்க வலித்தது.

மெழுகுவத்திச் சுடரில் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டைக் காட்டி
இளகும்போது இழுத்தால்
புதுக்கம்பி ஒரு நிமிட வேலை. தெரியும்.
செய்யவில்லை.
மஞ்சள் பட்டையை மூன்று முறை பூசினேன்.
இரண்டு முறை பச்சைக்குள் கசிந்தது.
மேல்மூடி மட்டும் இரண்டு கொடுத்திருந்தார்கள்,
ஒன்றைக் கெடுப்போம் என்று தெரிந்தே.
கெடுத்தேன்.
இரண்டாவதை மூச்சடக்கி வெட்டினேன்,
பொறுமை தீர்ந்து அவசரப் பசையால் ஒட்டினேன்.

காலையில் பார்த்தால்
பசையின் ஆவி உள்ளேயே படிந்து
பின்பக்கக் கண்ணாடி வெளுத்திருக்கிறது.
தெரிந்தவர்கள் இதைப் பிழை என்பார்கள்.
பிழைதான்.
முன்னிருக்கை பளிச்சென்று தெரிகிறது, அதன் கம்பியோடு.
பின்னால், கைக்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து
எவரோ இரவெல்லாம் மூச்சு விட்டிருக்கிறார்.