பால் காய்ச்சல்

மஞ்சள் காதட்டையில் 4417 என்றிருந்தது.
லொறிக் கதவைத் திறந்து
"வா, வாம்மா" என்றேன். அசையவில்லை.
"மெஹாட்ட வரென்" என்றான் லொறிக்காரன்.
சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
இறங்கி வந்தாள்.

எங்களுக்கு மாடு தெரியாது.
தியாகு புறக்கோட்டைத் துணிக்கடையில்
பதினொரு வருடம் மீட்டர் அளந்தவன்.
எனக்குத் தெரிந்தது கொழுந்து:
எது பிஞ்சு, எது முற்றல் என்று
பனிமூட்டத்திலும் விரல் சொல்லும்.
அந்த விரலை நம்பி மடியைத் தொட்ட அன்றே
முழங்காலில் உதை.

சங்கத்துக் கடனில்தான் வாங்கினோம்.
லயத்துக்குப் பின்னால்
பழைய கூரைத்தகரம் பொறுக்கிக் கொட்டில் கட்டினோம்.
மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தோம்,
மாடு எந்தப் பக்கம் படுக்கும் என்று
யாருக்குத் தோன்றியது?

புதன் விடியற்காலை கன்று. கிடேரி.
பன்னிரண்டு காம்பராவிலிருந்தும்
பன்னிரண்டு கிண்ணம் வந்தது சீம்பாலுக்கு.
இல்லை என்று சொல்ல முடியுமா?
தியாகு கடைசிச் சொட்டு வரை பிழிந்தான்.
லீட்டர் கணக்கைக் கொப்பியில் எழுதி
முப்பதால் பெருக்கினான்,
கடனைக் கழித்தான், மீதிக்குக் கோடு போட்டான்.
தவிட்டை எழுத மறந்துவிட்டான்.

மறுநாள் இரவு அவள் எழும்பவில்லை.
தலை பள்ளத்துப் பக்கம்,
கழுத்து மடங்கி விலாவில் கிடந்தது
யாரோ மடித்து வைத்தது போல.

மிளகு அரைத்துக் கொடு என்றாள் செபமாலை.
காவல்கார முனியாண்டி சாராயம் கொண்டுவந்து
பாதியைத் தானே குடித்துவிட்டு
மீதியை ஊற்றப் பார்த்தார். பிடித்துத் தள்ளினேன்.
பன்னிரண்டு வீட்டுக்குப் பால் போனால்
கண்ணு படாதா என்றது
பன்னிரண்டில் ஒரு வீடு.

போனில் டொக்டர் கேட்டார்:
"காதத் தொட்டுப் பாருங்க. எப்பிடி?"
ஐஸ் மாதிரி.
"அப்ப பால் காய்ச்சல்."
காய்ச்சல் என்றால் சுட வேண்டாமா, சேர்?
"பேர் மட்டுந்தான் காய்ச்சல்.
அவ ரத்தத்தில சுண்ணாம்பு முடிஞ்சு போச்சு.
நான் வாறன். படுத்தவாக்கில சாய விடாதீங்க."

கவாத்துக் குச்சி அடைத்த உரச்சாக்குகளை
இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம்.
அகரப்பத்தனையிலிருந்து மோட்டார்சைக்கிள்
ஏறி வரும் சத்தத்தை
வளைவு வளைவாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
மூன்றாவது வளைவில் சத்தம் நின்றது.
மறுபடி வந்தது.

போத்தலை என்னிடம் தந்து தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.
ஊசி கழுத்து நரம்பில்.
"மெதுவா. இன்னும் பதிச்சு.
ஓடிப் போனா நெஞ்சு நின்டுரும்."
மலையில் என் கைக்கு
வேகம் என்றுதான் பேர்.
மெதுவாக இரு என்று ஒருவர் என்னைக் கெஞ்சியது
அன்றைக்குத்தான்.

முதலில் தோள் நடுங்கியது.
பிறகு மூக்கில் முத்து முத்தாக வேர்வை,
பெரிய ஏப்பம் ஒன்று,
டொக்டரின் சப்பாத்து மேலேயே சாணி.
"ஹரி" என்றார் அவர்,
பரிசு வாங்கினது மாதிரி.

அப்புறம் கேட்டார்: "எவ்வளவு கறந்தீங்க?"
தியாகு பேசவில்லை. கொப்பியை நீட்டினான்.
டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துவிட்டு
மூடித் திருப்பிக் கொடுத்தார்.
"முதல் ரெண்டு மூணு நாள்
கன்டுக்குக் காணுமான அளவுக்கு மட்டும்.
மிச்சம் மடியில கிடக்கட்டும்."

விடியும்போது எழுந்து நின்றாள்,
பின்னங்கால் இன்னும் நம்பாமல்.
வாசலில் ஒரு கிண்ணம் வந்து நின்றது,
என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனது.
மன்னிப்புக்கு அவள் பாஷையில் எனக்குச் சொல் தெரியும்.
வாய் வரவில்லை.
சாக்குகளை இழுத்துப் போட்டு
தலை மேட்டுப் பக்கம் வருகிற மாதிரி
கயிற்றை மாற்றிக் கட்டினேன்.

கன்று முட்டி முட்டிக் குடித்தது.
யாரும் அளக்கவில்லை.
தியாகு மட்டும்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.