தலைக்கு எட்டு

ஏழரைக்கு எண்ணினேன்: ஒன்பது தலைக்கவசம்.
சுங்கை சிப்புட் பசார் இன்னும்
மீன் வெட்டிய பலகையைக் கழுவிக்கொண்டிருந்தது.
பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.
இடப்பக்கமாகவே வாருங்கள்.
செம்பனை லோரி வந்தால் புல்லில் இறங்கிவிடுங்கள்,
அதில் வெட்கம் ஒன்றுமில்லை.
சொல்லிவிட்டு மிதித்தேன்.

ஒன்பதாவது ஆள், லோகேந்திரன், ஈப்போ.
கையுறை புதுசு. நோட்டு பழசு.

லாய் வீட்டுப் பின்கட்டில்
நனைந்த பிரம்பு முழங்காலில் வளைந்து வளைந்து
ஒரு நாற்காலிக்கு முதுகு முளைத்தது.
எல்லாரும் படம் எடுத்தார்கள்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆற்றோரப் பாதையில் முந்தாநாள் மழை கிடந்தது.
பினாங்கு டாக்டரம்மாவுக்குச் சங்கிலி கழன்றது;
மாட்டிவிட்டு விரலைப் புல்லில் துடைத்தேன்,
மை போகவில்லை. அதே விரலோடு
ரொஸ்னா அக்காவின் முற்றம்.
சூளையிலிருந்து எடுத்த கையோடு
உமிக்குள் புரட்டுகிறார்,
சிவந்த மண் கறுத்துக்கொண்டே போகிறது.
தண்ணீர் எத்தனை நாள் குளிர்ச்சியாக இருக்கும்,
கை சுடாதா, விமானத்தில் உடையாதா
என்று ஆளுக்கொரு கேள்வி.
அவர் மட்டும் என் காதோரம்:
"இவங்களுக்குத் தலைக்கு எவ்வளவு கொடுக்கிறீங்க?"

ஓகோ.

லயத்தில் பவுனு ஓலையை மல்லாத்தி
கத்தியை ஒரு இழுப்பு இழுத்தாள்.
ஈர்க்கு தனி, பச்சை தனி.
கட்டுக் கட்டாக இந்தியாவுக்குப் போகிறதாம் துடைப்பத்துக்கு.
"ஏத்திக்கிட்டு வந்த கப்பல் சும்மாவா திரும்பும்?"
என்றாள். ஜெர்மன்காரருக்கு இதை
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
"நல்ல வியாபாரம்" என்று மொழிபெயர்த்தேன்.

குணாளன் பட்டறையில் அலுமினிய வளைவுகள்,
மயிலிறகு பிளாஸ்டிக் பையில்.
தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது,
ஆர்டர் புத்தகத்தை மூடிவிட்டான்.
டாக்டரம்மா வெறுங்காவடியைத் தோளில் வைத்து
இரண்டடி நடந்து, சிரித்து, பிறகு சிரிக்கவில்லை.
லோகேந்திரன் வாசலில்
எத்தனை சைக்கிள் நிற்கும் என்று
காலால் அளந்துகொண்டிருந்தார்.

ஒட்டுக்கடையில் எதிரே போய் உட்கார்ந்தேன்.
"பாதை முழுசாக் கிடைச்சிடுச்சா?"

பொய் சொல்லவில்லை மனிதர். நோட்டை மூடினார்.
"மச்சான்கிட்ட இருபது சைக்கிள் சும்மா கிடக்கு."

மூன்று வருஷம்.
எந்தக் கதவை எத்தனை மணிக்குத் தட்டலாம்,
லாய் எந்தக் கிழமை முகம் கொடுப்பார்,
எதையும் நான் எழுதி வைத்ததில்லை.
சோற்றைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.
இரும்புப் பாலம் ஞாபகம் வந்தது,
அதன்மேல் இருபது சைக்கிள்,
யார் பெற்ற பிள்ளைகளோ.

"எழுதிக்குங்க" என்றேன்.
"ரெண்டு மணிக்கு மேல ஆத்துப் பாதை வேணாம்.
பாலத்துல அஞ்சாவது பலகை ஆடும்.
மூணாம் லயத்து நாய்க்குச் சிவப்புச் சட்டை ஆகாது."
எழுதினார், நாய் உட்பட.

"அந்தத் துடைப்பக்கார அம்மாவுக்கு?"

"தலைக்கு எட்டு. எல்லாருக்கும் எட்டு.
குறைச்சா கதவு திறக்காது."

நான் கொடுப்பது ஐந்து.

மாலை எண்ணினேன்: ஒன்பது.
மை காயாத விரலால் பவுனுவுக்குப் போன் போட்டு
எட்டைச் சொன்னேன்.
"அவருக்கா, உனக்கா?" என்று கேட்டாள்.
கூட்டிப் பார்க்காமலே சொன்னேன்,
எனக்கும்தான்.