பாதிக் கிராப்

செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டியைத் தாண்டினால்
பச்சியண்ணன் சலூன்.
நாற்காலிக் கைப்பிடிகளில் பலகை போட்டு
அதன்மேல் என்னை ஏற்றிவைப்பார்.
முன்னும் பின்னும் கண்ணாடி.
எனக்குப் பின்னால் நான், அவனுக்கும் பின்னால் நான்.
பதினேழுவரை எண்ணியிருக்கிறேன்,
அதற்குள் தலையைக் குனியச் சொல்லிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை
வலப்பக்கம் மட்டும் முடிந்திருந்தது.
வெளியே டமாலென்று சத்தம்.
ஆத்தூர் லாரி குப்புறக் கிடக்க
தெருவெல்லாம் ஜவ்வரிசி.
நுரை பூசிய முகங்கள் நாலு
கழுத்துத் துணியோடு ஓடின.
டிரைவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார் பச்சியண்ணன்,
சட்டைப் பையில் கத்தரிக்கோலோடு.
"கடையப் பாத்துக்கடா."

பார்த்துக்கொண்டேன்.
படிகாரக் கல்லை நக்கிப் பார்த்தேன்.
ரேடியோவைத் திருகி இலங்கை பிடித்தேன்.
ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் மழிக்காத
கொலுசுப் பட்டறை தாண்டவனிடம்
"மீதி நாளைக்கு" என்றேன், முதலாளி குரலில்.
திட்டிக்கொண்டே போனார்.
தேடி வந்த அம்மா என் தலையைப் பார்த்து
வாய்பொத்திச் சிரித்துவிட்டு
தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார்.
சட்டையில் ரத்தம்.
"பொழைச்சுக்குவான்."
கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார்.
கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.
பிறகு என் தலையைப் பிடித்துச் சாய்த்து,
"எங்க விட்டேன்?"

அன்றைக்குக் காசு வாங்கவில்லை.
கல்லாவிலிருந்து எட்டணா எடுத்து
என் கையில் வைத்தார், சம்பளமாம்.

ஐம்பதைத் தாண்டிவிட்டேன்.
இடப்பக்க முடி மட்டும்
கொஞ்சம் தாமதமாகத்தான் நரைக்கிறது.