மடிந்துகொள்ளும் கடிதம்

மோல்மேன் ஆஸ்பத்திரியில் கரண்டு போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்த இரவு.
இன்குபேட்டர் கதவை யாரும் திறந்துவிடாமல்
காவல் இருந்தேன்.
உள்ளே முப்பத்தேழு டிகிரியில்
பி-ஒன் துளியும் இல்லாத தட்டில்
குடல் கிருமிகள்
தமக்கான பி-ஒன்னைத் தாமே செய்துகொண்டிருந்தன.

அவற்றுக்கு மானேஜர் கிடையாது.
'செய்' என்று சொல்லும் ஆர்.என்.ஏ. கடிதம்;
அதன் முதல் வரிக்கும் முன்னால் ஒரு சுருக்கு.
கேட்ட பொருள் போதுமளவு சேர்ந்துவிட்டால்
அதுவே வந்து சுருக்கில் உட்காரும்.
கடிதம் மடிந்துகொள்ளும்,
மிச்சத்தை எவரும் படிக்க முடியாது.
தீர்ந்துபோனால்
அடுத்த கடிதம் விரிந்தே பிறக்கும்.

எங்கள் ஸ்டோரில்
ஒரு குப்பி தயமினுக்கு மூன்று கையெழுத்து.
மூன்றாவது ஆள் ஊரில் இல்லை.

மாலையில் வந்த குழந்தைக்கு எழுபது நாள்.
வாயை முழுக்கத் திறந்து அழுதது
நெற்றி நரம்பு புடைக்க அழுதது
சத்தம் மட்டும் வரவில்லை.
தாய், மி ஸான், தரையைப் பார்த்துச் சொன்னாள்:
பிள்ளை பெற்றவளுக்கு வெள்ளைச் சோறும் உப்பும்தானாம்,
வேறெதுவும் ஆகாதாம்.
எந்த மில் அரிசி என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
அங்கேதான் என் அண்ணன் மாயழகு
பாலிஷ் மெஷின் ஓட்டுகிறான்.
இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளை என்பாராம் முதலாளி.
தவிடு மூட்டை மூட்டையாய்ப் பன்றிக்குப் போகும்.
அந்தப் பக்கத்துப் பன்றிகளுக்கு
குரல் கணீரென்று இருக்கும்.

ஸ்டோர் பூட்டை உடைத்தது நானில்லை,
சிஸ்டர் டோ நியூன்,
ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பானரால்.
நான் டார்ச் பிடித்தேன்.

மறுநாள் இரவு வார்டிலிருந்து ஒரு கீச்சு.
கொஞ்சம் பொறுத்து
ஜெனரேட்டரையும் மீறி ஒரு கத்தல்.
பக்கத்துக் கட்டில்காரி திட்டினாள்.
மி ஸான் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்;
அந்நேரம் அவள் குடலின் இருட்டில்
எத்தனை கோடிக் கடிதங்கள்
ஓசையில்லாமல் மடிந்தனவோ.

பூட்டு உடைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது,
மூன்று கையெழுத்தோடு.
நாலாக மடித்து
இன்குபேட்டரின் ஆடும் காலுக்குக் கீழே வைத்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.
மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை அவனுக்கு.
போதும், போதும் என்று
திரும்பத் திரும்பக் கத்தினேன்.
"என்னது போதும்?" என்றான்.