தொடாத வளையம்

பனகல் சாலையில் மழை என்பதை
வராந்தாவில் யாரோ குடை உதறும் சத்தம்தான் சொன்னது.
இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஏழாவது ஸ்லைடை லென்ஸுக்குக் கீழே தள்ளினேன்.
பச்சை.
பச்சைதான், ஆனால் எல்லாம் இல்லை.
நூறு செல்லில் முப்பதோ நாற்பதோ
உட்கருவோடு பற்றிக்கொண்டிருக்க,
மற்றவை கரண்ட் போன தெருவின் வீடுகளாக
அப்படியே கிடந்தன.

ஒச்சம்மா. இருபத்தாறு. கருமாத்தூர்.
மூட்டுவீக்கம், கன்னத்தில் சிவப்பு, மூன்று மாதக் காய்ச்சல்.
ரத்தம் எடுத்தபோது மோதிர விரலில் கட்டு.
விரல் வீங்கி, சோப்புக்கும் எண்ணெய்க்கும் கழலாமல்
தெற்காவணி மூல வீதியில் ஒரு பட்டறையில் வெட்டி எடுத்தார்களாம்.
"அரைப் பவுன்க்கா. துண்டாப் போச்சு."
நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செல்கள் அவளுடையவை அல்ல,
கம்பெனிக் கண்ணாடியில் ஒட்டி வருபவை.
சாயம் எங்களுடையது.
தேடிப் போனது மட்டும் அவள் ரத்தம்.
தேடி, அந்த நேரத்தில் தன்னைப் படியெடுத்துக்கொண்டிருந்த
செல்களில் மட்டும் போய் உட்கார்ந்திருக்கிறது,
ஒரு வளையத்தின் மேல்.

மூன்று பேர் கைகோத்த வட்டம் அது.
ஆளுக்கு இரண்டு மடிப்பு, ஆக ஆறு.
பாக்டீரியாவில் இரண்டே பேர், ஆளுக்கு மூன்று,
அப்போதும் ஆறு.
மாசி வீதியில் நடப்பவன் போல
எங்கே தொடங்கினாலும் கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது.
நடுவில் டி.என்.ஏ. போகும்.
அதன் பருமன் இருபது என்றால் ஓட்டை முப்பத்தைந்து.
மிச்ச இடத்தில் தண்ணீர்.
அதற்கு எதிர்மின், வளையத்தின் உள்பக்கம் நேர்மின்,
ஆனாலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதில்லை.

படியெடுக்கும் நொதிக்குப் பிடிப்பு போதாது.
தனியாக விட்டால் பத்துப் பன்னிரண்டு எழுத்தில்
கை நழுவி விழும்,
திரும்ப வந்து விட்ட இடத்தைத் தடவும்.
வளையத்தின் விளிம்பில் ஒரு பள்ளம்.
அதில் தன் வாலைச் செருகிக்கொண்டால்
ஆயிரக்கணக்கில் போகும்.
வளையத்துக்கு ஓர் எழுத்தும் தெரியாது.
கூடவே நழுவும். அவ்வளவுதான் வேலை.

மூடிய வளையம் எப்படி ஏறியது?
ஆவணி மூலத்தில் சுவாமி வளையல் விற்கிற நாளில்
புதுமண்டபத்துப் பக்கம் நானே கை நீட்டியிருக்கிறேன்.
வளையல்காரர் கட்டைவிரலை உள்ளே மடக்கி
எலும்பு சொடுக்கக் கசக்குவார்.
கண்ணாடி விரியாது, கைதான் குறுக வேண்டும்.
இங்கே தலைகீழ்.
ஐந்து துண்டு சேர்ந்த ஏற்றுக்காரன் ஒருவன்
வளையத்தை ஒரு மூட்டில் திறந்து, லேசாய்த் திருகி,
நூலைப் பக்கவாட்டில் உள்ளே விட்டு,
வைத்திருந்த ஏ.டி.பி.யைச் செலவழித்துவிட்டு
விலகிப் போகிறான்.
மூட்டு மூடிக்கொள்கிறது.
வெட்டவில்லை. ஒன்றும் துண்டாகவில்லை.

இதைப் போய் அந்நியன் என்று
அவள் உடம்புக்கு யார் சொன்னது?
நஜ்முன்னிசா டாக்டரிடம் கேட்டேன்.
"காரணமா, வெறும் அடையாளமா, தெரியாதும்மா.
பார்த்ததை எழுது."

எழுதினேன்.
சில உட்கருக்களில் மட்டும், புள்ளிபுள்ளியாக.
அரிது. மறுபரிசோதனையில் உறுதிசெய்யவும்.
மோதிரம் பற்றி எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

ரத்தம் கொடுத்த அன்று சாயங்காலம்
உசிலம்பட்டி பஸ்ஸில் அவளைப் பார்த்தேன்.
உட்கார இடமில்லை. விரல் மடங்காது.
முழங்கையை வளைத்துக் கம்பியைச் சுற்றிப் போட்டிருந்தாள்.
கம்பிக்கும் அவளுக்கும் நடுவே
ஒரு கை நுழையும் இடம் இருந்தது.
காளவாசல் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது
எல்லோரும் விழப் பார்த்தோம்.
அவள் கம்பியோடு கொஞ்சம் சுற்றிவந்து
நின்றாள்.