இருட்டு வரி

தீப வரி என்றுதான் முதலில் எழுதினேன்.
வீட்டுக்கு மாதம் அரைப் பணம்.
மயிலாப்பூர் முணுமுணுத்துக்கொண்டே கட்டியது,
எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தன காசுகள்.

கடலுக்குப் போகும் வழியில் நயினார்மார் தெரு
மட்டும் கணக்கில் நிற்கவில்லை.
பொழுது சாயுமுன் உண்டு, கலம் கழுவிக் கவிழ்த்து,
அடுப்பை அவித்துவிடுகிற தெரு.
சுடரில் பூச்சி விழுமென்று
திரி போடாத முப்பத்தோரு வீடு.

ஏற்றாத விளக்குக்கு வரி ஏது என்றேன் அமல்தாரிடம்.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி
"ஏற்றாததற்குத்தான்" என்றார்.
"ஊர் அரை கொடுத்தால் இவர்கள் ரெண்டு.
தலைப்பு ஒன்று வை."

வைத்தேன். இருட்டு வரி.
சொல் நன்றாக விழுந்தது.
அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதன்பின் ஓலைக்கட்டு தடித்தது.
மல்லிநாத நயினாரின் அண்டா வந்தது.
நெல் விற்கும் சாந்தப்பரின் மரக்கால் வந்தது.
அளக்க மரக்கால் இல்லாதவன்
எதை விற்று வரி கட்டுவான் என்று எழுத
அந்த ஓலையில் இடமில்லை.
இரண்டு குடும்பம் இரவோடிரவாகச் சித்தாமூர்ப் பக்கம் போயிற்று.
பூட்டிய அந்த வீடுகளின் இருட்டையும்
அடுத்த வீட்டார் தலையில் எழுதினேன்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
நாலாம் இரவு ஈசல்.
சாவடியில் ஐந்து திரி எரிய
அவர்கள் பாக்கியைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் வந்தாள் விசயம்மாள், மல்லிநாதரின் தம்பி மனைவி.
என்னைக் கேட்கவில்லை.
மயிற்பீலியால் விளக்கடியைக் கூட்டி
முறத்தில் அள்ளினாள்.
உயிர் இருந்தவற்றை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
செம்பருத்தி நிழலில் விட்டாள்.
மிச்சத்தை என் முன் வைத்தாள்.
"உங்கள் வெளிச்சம் வசூலித்தது. எழுதிக்கொள்ளும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
எண்ணி முடிக்க உச்சியாகிவிட்டது.
நானூற்றுப் பதின்மூன்று.
வரவிலா, செலவிலா என்றேன் கேலியாக.
"நிலுவையில்" என்றாள்.

தை மாத ஜமாபந்திக்குப் பெரிய கச்சேரியிலிருந்து வந்தவர்
சளி பிடித்த மனிதர். போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:
"நிலுவை, ஈசல், நானூற்றுப் பதின்மூன்று. என்னய்யா இது?"
சாவடி சிரித்தது.
எனக்கு வாய் வரவில்லை.
பதில் சொல்ல, முந்தைய ஏடுகளை
உரக்கப் படிக்கவேண்டியிருந்தது:
அண்டா, மரக்கால், பூட்டிய வீட்டின் இருட்டு.
அதுவரை அவற்றை நான் கையால் மட்டுமே அறிந்திருந்தேன்.

"மாத வசூல்?"
"அறுபத்திரண்டு பணம்."
"வசூலிக்கும் சேவகர் கூலி?"
"அறுபத்து நாலு."
மூக்கைச் சிந்திவிட்டு
எழுத்தாணியை வாங்கிக் குறுக்கே இழுத்தார்.
அநியாயம் என்று சொல்லவில்லை,
நஷ்டம் என்றார்.
ஆனாலும் கோடு கோடுதான்.
அன்று மாலை அந்தத் தெருவில்
யாரும் கதவைத் தாழிடவில்லை என்று சேவகன் சொன்னான்.

அண்டா திரும்பவில்லை, அமல்தார் வீட்டில் வெந்நீர் காய்கிறது.
மரக்கால் திரும்பியது, அடிப்பட்டயம் இல்லாமல்.
போனவர்கள் வரவில்லை.
நான் இப்போது பகலிலேயே எழுதி முடித்துவிடுகிறேன்,
கண் மங்குகிறது என்று காரணம் சொல்லி.

இருட்டு வரி அடிபட்ட அதே ஏட்டில்
கீழே, என் நல்ல எழுத்தில்,
நிலுவை, ஈசல், நானூற்றுப் பதின்மூன்று.
அந்த வரியை
இன்னும் யாரும் அடிக்கவில்லை.