உள்ளது உள்ளபடி

ஞாயிறு பேப்பரில் எட்வின் முதலில் பிரிப்பது
ஏல அறிவிப்புப் பக்கத்தைத்தான்.
பொடி எழுத்து. கடன்தாரர், ஜாமீன்தாரர்,
நிலுவைத் தொகை, அதன் மேல் வட்டி,
அதற்கும் மேல் இதர செலவுகள்.

குன்னூரில் ஒன்று பார்த்தோம், வீட்டுக்குப் பாதை இல்லை.
கட்டபெட்டுவில் ஒன்று, சுவர் விரிசலில் என் விரல் நுழைந்தது.
ஒரசோலையில் இன்னும் குடியிருந்தார்கள்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை
எங்களுக்கு டாட்டா காட்டியது.
ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை நாங்கள்.

நான்காவது, அரவேணுவுக்குக் கீழே.
வடக்கே போஜன் வகையறா தேயிலை,
தெற்கே பஞ்சாயத்து நடைபாதை,
மேற்கே புறம்போக்கு, கிழக்கே ஓடை,
இதற்குள் மூன்றேகால் சென்ட்,
ஓட்டு வீடு ஒன்று, கழிப்பறை ஒன்று.
'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளபடி.'
வேறெந்த இடத்தில் இருக்கும் என்றேன்.
எட்வின் சிரிக்கவில்லை.
அவன் மாதத் தவணைக்குள் இருந்தான்.

வாசலில் காட்டுமாடு நின்றது.
கதவில் ஒட்டிய நோட்டீசுக்கு முதுகைக் காட்டியபடி
மேரக்காய்க் கொடியை மென்றுகொண்டிருந்தது.
அது போகும்வரை இருபது நிமிடம்
வங்கி அதிகாரி பேசினார்.
சேலத்துக்காரர், குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து பேசினார்.
பச்சைத் தேயிலை கிலோ பன்னிரண்டுக்கு வந்த வருடம்,
மகளின் கல்லூரி, பிறகு ஒரு பிக்கப் வண்டி,
பிறகு அந்த வண்டி.
'கெட்ட ஆளுங்க இல்ல மேடம்,
கணக்குதான் கெட்டுப்போச்சு.'

வெளிச்சுவரில் மீட்டர்.
அரக்கு வைத்துப் பூட்டி மூன்று மாதம் ஆன வீட்டில்
சிவப்புப் புள்ளி வேகவேகமாகத் துடித்தது.
பதினெட்டு வருட நர்ஸ் நான்,
அனிச்சையாய் வாட்சைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.
சட்டென்று நின்றது.
'உள்ளே ஏதோ ஓடுது சார்.'
'எங்க மதிப்பீட்டுல அது வராது மேடம்.'

ஏலம் செவ்வாய்க்கிழமை, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு.
நைட் டூட்டி முடித்த கண்ணோடு
ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.
முகமில்லாத இரண்டு பேர் எங்களோடு ஏறினார்கள்.
இருபத்தைந்தாயிரம், இருபத்தைந்தாயிரமாய்.
ஒருவர் பதினொன்றே முக்காலுக்கு விட்டுவிட்டார்.
இன்னொருவர் கடைசி நிமிடத்தில் மறுபடி தட்ட,
நேரம் ஐந்து நிமிடம் நீண்டது.
எட்வின் கர்த்தரைக் கூப்பிட்டான்,
எந்தப் பக்கம் நிற்கச் சொன்னான் என்று தெரியவில்லை.
வீடு எங்களுக்கு என்றது திரை.
பிரிண்டுக்கு முப்பது ரூபாய் என்றான் கடைப் பையன்.

சாவி வந்த அன்று நான் நேராகக் குளியலறைக்குப் போனேன்.
கீசர்.
அணைக்க மறந்த கீசர்.
காலி செய்த அவசரத்தில் பாத்திரம் எடுத்திருக்கிறார்கள்,
சாமி படம் எடுத்திருக்கிறார்கள்,
திரைச்சீலைக் கம்பியைக்கூட.
இது மட்டும் ஆறுவதும் சுடுவதுமாய்,
யாரும் குளிக்காத பதினைந்து லிட்டரை
ஒவ்வொரு காலையும் தயாராக வைத்திருக்கிறது.
குழாயைத் திறந்தேன்.
முதலில் துரு. பிறகு ஆவி.
அந்தக் குளிரில் கையை எடுக்க மனம் வரவில்லை.
வேறொருவர் சுடவைத்த தண்ணீர்.

அப்புறம்தான் உறைத்தது:
பணம் கட்டாத வீட்டில் ஃப்யூஸைப் பிடுங்கியிருப்பார்களே.
கோத்தகிரி மின்வாரியத்தில் அந்தப் பெண்
திரையைப் பார்த்துச் சொன்னாள்:
'பாக்கி ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவையும்
மெசேஜ் போன அன்னிக்கே கட்டியிருக்காங்க.
பேரு மாதி. நம்பரும் அவங்க நம்பர்தான்.'

மாதி. ஜாமீன்தாரர்.
அலைபேசி அதிரும், தொகை வரும், அவர் கட்டிவிடுவார்.
பழக்கமா, பயமா,
இல்லை, விளக்கெரியும்வரை வீடு போகவில்லை என்ற கணக்கா?
அழைத்துக் கேட்கலாம். கடைசி நான்கு எண்கள்
மனப்பாடமாகிவிட்டன.

பெயர் மாற்றப் படிவம் மூன்று பக்கம்.
எட்வின் பூர்த்தி செய்கிறான்.
அடுத்த ரீடிங் பதினாறாம் தேதி.
அதற்குள் நம்பரை மாற்றியாக வேண்டும்.
இல்லையென்றால் நான் குளிப்பதற்கு
அவருக்கு மெசேஜ் போகும்.